ஊர்வேலையில் போட்ட ரோடு

அந்த ரோட்டைப் போட்டது எங்கள் ஊர். அரசாங்கம் ஒரு கூடை மண் அள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இப்போது ஆளாளுக்கு ஒரு கதை விட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

தியாவ்காம் மலை முகட்டில் இருக்கிறது, ஆறு கீழே பள்ளத்தில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்மா என்று பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படம் சொல்லும். எங்களுக்கு அது சம்பந்தி வீடு. அதே பேச்சு, அதே பாட்டு, அதே ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம். ஆறு திரும்புகிற வளைவில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாத ஓர் இடம் உண்டு. கல்யாணப் பெண்ணும் பன்றிக்குட்டியும் சவப்பெட்டியும் அந்த வளைவு வழியாகத்தான் போகும், வரும். அந்தப் பக்கம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, சொந்த ஜனங்கள் மேலேயே விமானத்தில் குண்டு போட ஆரம்பித்த பிறகு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்களும் அங்கேதான் இறங்கி ஏறினார்கள். எங்கள் ஊருக்குக் கீழே சரிவில் நீல தார்ப்பாய்க் குடிசைகள் அப்படி வந்தவைதான்.

தாங்கூமாவின் மகள் ரெம்புயி அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். வளைவிலிருந்து மேலே ஏறினால் வரும் ஸாங்பூம் அவளுடைய ஊர். அங்கே பள்ளிக்கூடத்தைக் குண்டு போட்டு உடைத்த பிறகு, மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்துடும்மா" என்று தாங்கூமா கூப்பிடாத வாரம் கிடையாது.

"பிள்ளைங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படிப்பா வர்றது? ஏரோப்ளேன் சத்தம் கேட்டா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வளைவுக்கு ஓடி வந்துடறேன். பக்கம்தானே" என்பாள். அந்தப் "பக்கம்தானே"யை நம்பித்தான் மனிதர் கண்ணை மூடித் தூங்கினார்.

இந்தத் தாங்கூமாதான் எங்கள் ஊருக்குச் செய்தி சொல்கிறவர். சாயங்காலம் எல்லா வீட்டிலும் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு ஊர் மன்றத்து வீட்டில் போய் உட்கார்ந்து மைக்கைத் தட்டுவார். ரேஷன் அரிசி வந்ததும் அவர் குரலில்தான் வரும், சாவும் அவர் குரலில்தான் வரும், யாருடைய பன்றியோ காணாமல் போனதும் அவர் குரலில்தான் வரும். பெரிய படிப்பில்லை. குரல் மட்டும் இருக்கிறது. மலைக்கு மலை கேட்கிற குரல்.

எங்கள் பக்கத்து ஊர்களில் ஊர்வேலை என்று ஒன்று உண்டு. மன்றம் முடிவு செய்து, செய்தி சொல்கிறவர் கூப்பிட்டுவிட்டால், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும். கூலி கிடையாது, ஏன் எதற்கு என்ற கேள்வியும் கிடையாது. வராத வீட்டுக்கு அபராதம் என்று பேருக்கு ஒன்று இருக்கிறது. அதை யாரும் கட்டியதில்லை, கட்டுகிற நிலைமைக்குப் போவதைவிட வந்து வேலை செய்வது மேல். ஊருக்குப் பிரயோசனமில்லாதவன் என்று பெயர் வாங்கினால் அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். சாவுக்குக் குழி வெட்டுவதும், வீடு எரிந்தவனுக்கு வீடு கட்டுவதும், நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. இதில் எங்களுக்குப் பெருமை ஜாஸ்தி. அந்தப் பெருமையில்தான் எங்கள் கண்ணைக் கட்டினார்கள்.

போன குளிர்காலத்தில் மன்றத் தலைவர் பு லியான்ஸெலா (பெரியவர்களை நாங்கள் 'பு' போட்டுத்தான் கூப்பிடுவோம்) நகரத்துக்குப் போய்விட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஊர் முகட்டிலிருந்து ஆறு வரைக்கும் தோட்ட ரோடு வரப்போகிறது என்றார். மண் வெட்டிப் பாதை திறக்கிற வேலையை மட்டும் ஊர் செய்துவிட்டால், மீதியை மேலே பார்த்துக்கொள்வார்களாம். கீழ்ச்சரிவில்தான் எல்லாருடைய ஆரஞ்சும் இஞ்சியும் இருக்கிறது. முதுகில் கூடையும் நெற்றியில் பட்டையுமாகச் சுமந்து சுமந்து பெண்களுக்கு இளவயதிலேயே கழுத்து சாய்ந்துவிடும். ரோடு என்றதும் ஊரே குதித்தது.

தாங்கூமா அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்றால் சும்மா இல்லை, நையாண்டி செய்து இழுத்தார். "மேல் வரிசை வீட்டுக்காரங்களே, போன வாரம் உங்க பக்கத்து மண்வெட்டி எல்லாம் ரொம்ப வெட்கப்பட்டுச்சே, இந்த வாரமாவது கொஞ்சம் வெளியில வருமா?" என்பார். ஊர் சிரித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் போய் வெட்டியது. இடுப்பு ஒடிந்த ஸவ்மாவைக்கூட விடவில்லை, "மண்வெட்டி பிடிக்க முடியாதவங்க டீ போடலாமே" என்று இழுத்துவிட்டார். ஸவ்மா சரிவில் உட்கார்ந்து சனிக்கிழமை முழுக்க டீ போட்டான். ரோடு ஆற்று வளைவுக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்குப் பன்றி அடித்துச் சாப்பிட்டோம். தலைவர் ஜெபம் செய்தார்.

ரோடு காய்ந்ததும் லாரிகள் வந்தன. இரும்புக் கம்பங்கள், சுருட்டிய கம்பி. எங்களுக்கு அப்போதும் உறைக்கவில்லை. மலைமாடுகள் தோட்டத்தில் புகுந்து மேய்கின்றன, வேலி போட்டுக் கொடுங்கள் என்று மன்றம் கெஞ்சாத அதிகாரி கிடையாது. ஆகவே தோட்டத்துக்கு வேலி வந்துவிட்டது என்று நினைத்து, இளைஞர் சங்கத்துப் பையன்கள் ஓடிப்போய் லாரியிலிருந்து கம்பங்களை இறக்கிக் கொடுத்தார்கள். சமவெளியிலிருந்து வந்த மேஸ்திரி ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். தாங்கூமா வாலிபத்தில் ராணுவ ரோடு வேலைக்குப் போனவர், இந்தி காதில் ஏறும். மேஸ்திரி டிரைவரிடம் சொன்னதைக் கேட்டார்.

"பார்த்தியா, இந்த ஊர்ல வேலிக்கு ரோடும் போட்டுத் தர்றாங்க, சரக்கும் இறக்கித் தர்றாங்க. இன்னும் கொஞ்சம் தட்டிக்கொடுத்தா உள்ள போய் நின்னு கதவையும் சாத்திக்குவாங்க."

டிரைவர் சிரித்தான். தாங்கூமா கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கம்பி முழுக்கப் பிளேடு. மாட்டுக்கு யாரும் இப்படிக் கம்பி போட மாட்டார்கள். மாடு செத்துப் போகும்.

அவர் நேராகத் தலைவர் வீட்டுக்கு ஏறினார். மூச்சு வாங்கியது.

"பு லியான்ஸெலா, அது யாருக்கு வேலி?"

தலைவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "ஏன் இப்படி மூச்சு வாங்குது? உட்காருங்க ரெம்புயி அப்பா. எல்லைக்கு வேலி போடணும்னு டெல்லியில முடிவு பண்ணிட்டாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்கன்னு அவங்களுக்குப் பயம். நம்மால தடுக்க முடியுமா சொல்லுங்க. எப்படியும் வர்றது வரட்டும், நமக்கு ஒரு ரோடாவது மிஞ்சுமேன்னு பார்த்தேன்."

"அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்னா..."

"தெரிஞ்சுக்கிட்டே என்னை மைக்ல கத்த வெச்சீங்க."

"உங்க பொண்ணு அந்தப் பக்கம் இருக்கா, எனக்குத் தெரியாதா? வளைவுல ஒரு கேட் வைக்கச் சொல்லிப் பேசிட்டேன். நம்ம ஊர் ஒத்துழைச்சா கேட் நிச்சயம்." பாக்கை நீட்டினார். தாங்கூமா வாங்கவில்லை. எங்கள் ஊரில் நீட்டிய பாக்கை வாங்காமல் எழுந்தால் அது காறித் துப்பியதற்குச் சமானம்.

வீட்டுக்கு வந்து பியாக்கியிடம் சொன்னார். பியாக்கி அவர் மனைவி, அடுப்பில் கீரை வேகவைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சொந்தப் பொண்ணு வர்ற வழியை அடைக்க ஊரையே கூப்பிட்டிருக்கே. என்ன குரல், என்ன குரல்னு ஊரெல்லாம் மெச்சுச்சு. நல்லா மெச்சுச்சு."

தாங்கூமா கரண்டியை எடுத்து அடுப்பு மேல் வைத்தார். சாப்பிடவில்லை.

மழைக்காலம் முந்திக்கொண்டு வந்தது. மண்ரோடு குழம்பாகிவிட்டது, ஆற்றை ஒட்டிய கடைசிச் சரிவில் லாரி இறங்க மறுத்தது. கம்பங்கள் பாதி வழியில் குவிந்து கிடந்தன. தலைவர் மறுபடி ஆள் அனுப்பினார். ஊர்வேலை கூப்பிட வேண்டும், கம்பங்களைத் தோளில் சுமந்து ஆற்றங்கரையில் சேர்த்துவிட்டால் போதும், கேட் விஷயம் உறுதியாகிவிடும்.

தாங்கூமா உடனே முடியாது என்று சொல்லவில்லை. அதையும் நான் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். கேட் என்ற சொல் அவரை ஆட்டிவைத்தது. எப்படியும் வேலி வரப்போகிறது, வளைவில் ஒரு கதவு இருந்தால் ரெம்புயி ஓடி வரலாமே என்று ஓர் ஆசை. அதனால் கீழே இறங்கி, கூடாரத்தில் இருந்த அதிகாரியிடமே கேட்டுவிடலாம் என்று போனார். நல்ல மனிதர்போல்தான் இருந்தார் அந்த அதிகாரி. நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்.

"கேட்டா? இருக்கும், இருக்கும்" என்றார். "காலையில திறப்போம், சாயங்காலம் பூட்டிடுவோம். இந்தப் பக்கத்து ஆளுங்க பாஸ் வாங்கிக்கிட்டு ஆத்துல மீன் பிடிக்கப் போகலாம், வரலாம்."

"அந்தப் பக்கத்து ஆளுங்க?"

"அவங்களுக்கு எதுக்கு கேட்? அவங்க வரக்கூடாதுன்னுதானே பெரியவரே வேலியே போடறோம்."

"என் பொண்ணு அங்க இருக்கா சார். குண்டு போட்டா எங்க ஓடுவா?"

அதிகாரி உண்மையாகவே யோசித்தார். "முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு வைக்கலாம்" என்றார்.

குண்டு விழுவதற்கு முன்கூட்டி விண்ணப்பம். தாங்கூமாவுக்கு அந்த நேரத்தில் சிரிப்புதான் வந்தது. டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மேலே ஏறிப்போய்த் தலைவரிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "கூப்பிட மாட்டேன்."

"நீ கூப்பிடாட்டி வேலை நின்னுடுமா?" என்றார் தலைவர். அதுவரைக்கும் போட்டிருந்த மரியாதை போய்விட்டது.

நிற்கவில்லை. இரண்டு நாள் மழை விட்டதும் கம்பங்கள் நகர ஆரம்பித்தன. தாங்கூமா தோட்டத்துக்குப் போகிற வழியில் பார்த்தார். தோளில் சாக்கு மடித்துப் போட்டு, கம்பத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி இறங்குகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. தார்ப்பாய்க் குடிசைக்காரர்களும், அந்தப் பக்கத்திலிருந்து தினமும் கூலிக்கு வருகிறவர்களும். யாருக்கு அடைக்கிறார்களோ அவர்களையே பிடித்து அடைக்கச் சொல்லியிருந்தான் அந்த மேஸ்திரி. அந்த வரிசையில் கடைசிக்கு முந்தின ஆள் சாங்கா. ரெம்புயியின் புருஷன்.

தாங்கூமா பாதையை மறித்துக்கொண்டு நின்றார்.

"கீழ போடுடா அதை."

சாங்கா நின்றான். பின்னால் பிடித்திருந்தவனும் நின்றான். "மாமா, வழி விடுங்க. கால் வழுக்குது."

"வெட்கமா இல்லை? உன் பொண்டாட்டிய வெளியில நிறுத்திக் கதவு சாத்த நீயே கம்பம் சுமக்கறியே, நீயெல்லாம் ஆம்பளையா?"

சாங்கா அதிகம் பேசாத பையன். கல்யாணத்தன்றுகூட நாலு வார்த்தை பேசவில்லை. கம்பத்தை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தான், வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அரிசி வேணும் மாமா. வயல்ல இறங்க முடியல, இறங்கினா மேல இருந்து சுடறான். ரெம்புயி அவளுக்கு வைக்கிற சோத்தையும் பிள்ளைங்களுக்குப் போட்டுடறா. நான் பசிக்குச் சுமக்கறேன். கூலி வாங்கிட்டுச் சுமக்கறேன். நீங்க எதுக்கு ரோடு போட்டுக் கொடுத்தீங்க? ஒரு குளிர்காலம் முழுக்க, பாட்டுப் பாடிக்கிட்டு, சும்மா போட்டுக் கொடுத்தீங்களே. அந்தக் கரையில நின்னு நாங்க உங்க குரலைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். இந்த ரோடு இல்லாட்டி இந்தக் கம்பம் இங்க வந்திருக்குமா? இப்போ சொல்லுங்க, யாருக்கு வெட்கம்?"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமனாரிடம் இப்படிப் பேசிவிட்டானே என்ற கூச்சம் அவர்களுக்கு. தாங்கூமாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, ஆனால் அறைந்தவன் மேல் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மேஸ்திரி மேலிருந்து கத்தினான், சாங்கா கம்பத்தைத் தூக்கிக்கொண்டான், வரிசை நகர்ந்தது. தாங்கூமா ஓரமாக நின்று வழிவிட்டார். வாழ்க்கையில் அவருக்கு அதைவிடக் கேவலமான நிமிஷம் இல்லை.

அன்று சாயங்காலம் மன்றத்து வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு நேரம், தலைவர் அவர் வீட்டில் இருந்தார். தாங்கூமா உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மைக்கைத் தட்டினார்.

"தியாவ்காம் ஜனங்களே, கேளுங்க. நாளைக்கு ஊர்வேலை. வீட்டுக்கு ஒரு ஆள். மண்வெட்டி, கடப்பாரை, கூடை. போன குளிர்காலத்துல நாம ஒரு ரோடு போட்டோம். தோட்டத்துக்குன்னு சொல்லிக் கூப்பிட்டது இந்தக் குரல்தான். தோட்டத்துக்கு இல்லை. நம்ம தங்கச்சியும் அக்காவும் வர்ற வழியை அடைக்கிறதுக்கு. நம்ம தலையில மிளகாய் அரைச்சிட்டாங்க, அதுக்கு அம்மி பிடிச்சவன் நான். நாளைக்கு அந்த ரோட்டை வெட்டிப் போடறோம். சும்மா கொடுத்ததைச் சும்மாவே திருப்பி எடுத்துக்கறோம். ஸவ்மா, நீ டீ போட வா. மேல் வரிசை வீட்டுக்காரங்களே, இந்தத் தடவை யாரும் வெட்கப்பட வேண்டாம்."

அதற்குள் தலைவர் ஓடிவந்து கதவை இடித்தார். "மன்றம் முடிவு பண்ணலை! இது செல்லாது, ஜனங்களே, இது செல்லாது!" என்று அவர் கத்தியதும் மைக்கில் விழுந்து ஊர் முழுக்கக் கேட்டது. அதுதான் அவருக்கு வினையாகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் தாங்கூமா சொன்னது சத்தியம் என்று உறைத்தது.

காலையில் ஊர் வந்தது. எல்லாரும் இல்லை. மகனுக்கு அரசாங்க வேலை இருக்கிறவர்கள் வரவில்லை, தேவாலய மூப்பர் ஒருவருக்குத் திடீரென்று முதுகுவலி. மற்றவர்கள் வந்தார்கள். முகட்டிலிருந்து ரோடு இறங்குகிற முதல் திருப்பத்தில், மலையை ஒட்டி ஒடுங்கிப் போகிற இடமாகப் பார்த்து வெட்டினார்கள். அந்த இடம் வெட்டுப்பட்டால் பள்ளம்தான், லாரி சுற்றிப் போக வழி கிடையாது. அன்றைக்கு யாரும் பாட்டுப் பாடவில்லை. பெண்கள் சிலர் வெட்டிக்கொண்டே அழுதார்கள். ரோடு வந்த பிறகு இஞ்சி மூட்டையை முதல் தடவையாக முதுகில் ஏற்றாமல் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். அந்தச் சுகத்தைத் தங்கள் கையாலேயே வெட்டிப் பள்ளத்தில் தள்ளுவது லேசான காரியம் இல்லை. இப்படி ஒரு ஊரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தினவர்களுக்கு எந்த நாக்கால் சாபம் கொடுப்பது?

மத்தியானத்துக்குள் கீழேயிருந்து சாங்கா ஏறி வந்தான். கையில் மேஸ்திரியின் கடப்பாரை. அன்றைய கூலி போச்சு, இனி வரப்போகிற கூலியும் போச்சு. தாங்கூமாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று பாறையைப் பெயர்க்க ஆரம்பித்தான். "அரிசிக்கு என்னடா பண்ணுவே?" என்று கேட்டார். "உங்க வீட்டுல தின்னுக்கறேன்" என்றான். அவ்வளவுதான் மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்ட சமாதானம்.

மறுநாள் வேலை நின்றது. லாரி மேலே, கம்பம் கீழே, நடுவில் பள்ளம். போலீஸ் வந்தது. தாங்கூமா, "ஆமா, நான்தான் கூப்பிட்டேன்" என்றார். கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மன்றம் அவரை வேலையிலிருந்து நீக்கியது, தலைவர் மைக்குக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். மழைக்காலம் முடியட்டும், யந்திரம் கொண்டுவந்து புது ரோடு போடுவோம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனான்.

மழைக்காலம் முடியவில்லை. அதற்குள் ஒருநாள் காலையில், மேகம் விலகியிருந்த நேரமாகப் பார்த்து விமானம் வந்தது.

எங்கள் முகட்டிலிருந்தே ஸாங்பூமில் எழும்பிய புகை தெரிந்தது. தாங்கூமா செருப்பும் போடாமல் இறங்கினார், பின்னால் பையன்கள் ஓடினார்கள். வளைவில் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கரையில் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக. ரெம்புயி அவர்களுக்கு அப்படிப் பழக்கியிருந்தாள். தண்ணீர் மழையில் ஏறி, சின்னப் பிள்ளைகளுக்கு மார்பளவு வந்தது. பையன்கள் குதித்துப்போய் ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். கரையில் கம்பங்கள் நட்டும் நடாமலும் துருப்பிடித்துக் கிடந்தன. பிள்ளைகள் அதன் மேல் ஏறி மிதித்துக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் வந்த பிறகு, முந்தின ராத்திரி அரிசியோடு ஸாங்பூமுக்குப் போயிருந்த சாங்கா வந்தான். முதுகில் ரெம்புயி.

தொடையில் இரும்புத் துண்டு பாய்ந்திருந்தது. சாங்காவின் சட்டையைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள், அது நனைந்து கறுத்துவிட்டது. "எல்லாரும் வந்துட்டாங்களாப்பா? எண்ணிப் பாரு" என்றாள். எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள்.

மூங்கில் வெட்டி, போர்வை கட்டி, ரெம்புயியைத் தூக்கினார்கள். மேலே நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்து, வெட்டின பள்ளத்துக்கு முகட்டுப் பக்கத்தில் நின்றது. ரோடு முழுசாக இருந்திருந்தால் கடைசிச் சரிவு வரைக்குமாவது இறங்கி வந்திருக்கும். சேற்றில் கால் வைத்தால் கால் போகிறது, நாலு பேர் தூக்கினால் இரண்டு பேர் விழுகிறார்கள், ஆள் மாற்றி மாற்றி ஏறினார்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏற வழியில்லாமல் காட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஸவ்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் கொடியை வெட்டி வழி செய்துகொண்டே போனான். சாயங்காலம் ஆகிவிட்டது.

உயிர் பிழைத்தாள். காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். டாக்டர் எங்கள் ஜாதி ஜனம்தான், நல்ல பையன், கண் கலங்கித்தான் சொன்னான்: "கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம் பு தாங்கூமா." தாங்கூமா ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பியாக்கி வந்து பக்கத்தில் நின்றாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பிய அன்று தலைவர் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், துக்கம் விசாரிக்கிற முகம். 

"ரெம்புயி அப்பா, நடந்தது நடந்துபோச்சு. வேலி போடற கம்பெனிக்காரங்க ரோட்டைச் சரி பண்ணித் தர்றோங்கறாங்க. இந்தத் தடவை ஊருக்குக் கூலியும் உண்டு. பழையபடி நீங்களே மைக்ல கூப்பிடுங்க, நீங்க கூப்பிட்டாத்தான் ஜனம் வரும். உங்க பொண்ணுக்கு வந்தது நாளைக்கு இன்னொருத்தர் பொண்ணுக்கு வரக்கூடாது பாருங்க. ஆம்புலன்ஸ் கீழ வரைக்கும் போகணுமில்ல?"

தாங்கூமா அவரைப் பார்த்தார். 

"என் பொண்ணோட காலைக் காட்டியா கேக்கறே?" என்றார். மரியாதை இந்தப் பக்கமும் போய்விட்டது. "அந்த ரோடு இருந்திருந்தா ஏரோப்ளேன் வர்றதுக்கு முன்னாடியே வேலி முடிஞ்சிருக்கும். அவ பிளேடு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமே செத்திருப்பா, அவ பின்னாடி அத்தனை பிள்ளைங்களும். அவளுக்குக் கால் போனது நான் வெட்டின ரோட்டால. ஆமா. அதை நான் சாகற வரைக்கும் சுமக்கறேன். ஆனா உயிரையோ காலையோ ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோன்னு ஒரு அப்பன்கிட்ட கொண்டுவந்து நீட்டினது யாரு? நீ. எழுந்திரு. பழத்தை எடுத்துக்கோ."

தலைவர் எழுந்து போனார். பழத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார். பியாக்கி அதைக் கொண்டுபோய்ப் பன்றிக்குப் போட்டாள்.

சாப்பாட்டு நேரம் நெருங்கியது. மன்றத்து வீட்டுப் பூட்டின் சாவி தாங்கூமாவிடம் இல்லை. அவர் வீட்டை விட்டு வெளியே வந்து, ஊர் இரண்டு வரிசையாகப் பிரிகிற மேட்டில் ஏறி நின்றார். மைக் வருவதற்கு முன்னால் செய்தி சொல்கிறவர்கள் அங்கே நின்றுதான் கூப்பிடுவார்கள். கையை வாயருகில் குவித்துக்கொண்டார். முதல் சொல் கரகரவென்று உடைந்தது, இருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

"தியாவ்காம் ஜனங்களே, கேளுங்க. நாளைக்கு ஊர்வேலை. மன்றம் சொல்லலை, நான் சொல்றேன். வர்றவங்க வாங்க. முகட்டுல இருந்து ஆத்து வளைவு வரைக்கும் ஒரு பாதை வெட்டறோம், கல்லுப் படி வெச்சு, மழையில வழுக்காத பாதை. எவ்வளவு அகலம்னு கேட்டுக்கோங்க. ஒரு கட்டிலை முன்னால ரெண்டு பேர், பின்னால ரெண்டு பேர் தூக்கிக்கிட்டு ஓடற அகலம். அதுக்கு மேல ஒரு விரல்கூட வேண்டாம். லாரி போற அகலத்துக்கு எவனாவது வெட்டினா, அவன் கையை நான் வெட்டுவேன்."

 மேல் வரிசையில் ஒரு ஜன்னல் திறந்தது.

"எத்தனை மணிக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.